அதிபரும் மீன் லொறியும் என் மகனின் மூச்சும்

எங்கள் ஒடுங்கிய தெருவான ஒழுங்கையில் ஒருவர் நிம்மதியாகத் தும்மிவிட்டுப் போக முடியாது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே தும்மல், அதே நீளத்தில், முடிவில் அவர் சொன்ன ‘அப்பாடா’ உட்படத் திரும்பி வரும். தும்மியவர் திரும்பிப் பார்ப்பார். அங்கே ஒரு பெண் முருங்கை இலை உருவிக்கொண்டு, தும்மலுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்போல நிற்பார்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஒழுங்கை அவரை றேடியோ என்றது, அவர் இல்லாதபோது மட்டும். காதில் விழுந்தால் சொன்னவரின் குரலிலேயே பதில் வரும், அதுவும் நாலு பேர் நிற்கிற இடத்தில். மூதூர் லோஞ்சின் ஊதலை அவர் ஒருநாள் விளையாட்டுக்கு ஊத, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு இறங்குதுறைக்கு ஓடிப்போனார். ஊருக்குள் திரிந்து ஒழுங்கைக்கும் மேய வரும் மான்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கன்றின் குரலில் கூப்பிடுவார். தாய்மான் தலையைத் தூக்கி அவரையே பார்க்கும். பார்த்தபின் அதன் முகத்தில் ஒரு அவமானம் தெரியும் என்று அவர் சத்தியம் செய்வார்.

இருபது வருடங்கள் துறைமுகப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவர் அக்கா. எல்லா மேசைகளுக்கும் நேரடி இலக்கம் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“ஹலோ சொல்லுறதுக்கு முதல் எல்லாரும் ஒரு மூச்சு எடுப்பினம், பிள்ளை. அதிலேயே ஆளைப் பிடிச்சிடுவன். மனேஜரின்ர மூச்சில கோபம் தெரியும். ஸ்ரோர்கீப்பரின்ர மூச்சில பொய் தெரியும்,” என்பார். சொல்லிவிட்டு இரண்டு மூச்சையும் எடுத்துக் காட்டுவார். ஸ்ரோர்கீப்பரை நான் ஒருநாளும் கண்டதில்லை. என்றாலும் கடைத்தெருவில் அப்படி ஒரு மூச்சைக் கேட்டால் அந்த மனிதனிடம் சாமான் வாங்க மாட்டேன்.

நான் வயிற்றில் பிள்ளையோடுதான் லிங்கநகரில் அக்காவின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. அம்மா பாலையூற்றில், பாரிசவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை விட்டு அசைய ஏலாமல் இருந்தார். மகன் பிறந்து மூன்றாவது வாரம் அந்தச் சத்தம் தொடங்கியது. பால் குடித்துவிட்டு மல்லாந்து கிடக்கும்போது அவன் மூச்சு சில நேரம் குறட்டைபோல இருக்கும், சில நேரம் விசில்போல மெலிந்து ஏறும். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும். தூக்கித் தோளில் போட்டால் குறைந்துவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சளி என்றார்கள். ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்கான கிளினிக்குக்கு மூன்று தடவை கொண்டுபோனேன். ஓட்டோவில் தோளில், வரிசையில் தோளில், உள்ளே போகும்போதும் தோளில். அங்கே அவன் ஒரு கனவான். சத்தமே இல்லாமல் நித்திரை கொள்ளுவான். டொக்டர் குழாய் வைத்துப் பார்த்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். அவர் சிங்களவர், அக்கறையோடு தமிழ் படித்து எங்களோடு தமிழிலேயே பேசுகிறவர்.

“கர் கர் எண்டு இழுக்குது, டொக்டர்,” என்பேன்.

“கர் கர்?” என்று கேட்பார்.

“கர் கர் எண்டும் இல்லை. கீச் எண்டு...”

அவர் பொறுமையாகக் காத்திருப்பார். எனக்கு அதற்குமேல் சொல் வராது. அவரில் பிழையில்லை. அவர் முன்னால் இருந்த பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. அப்போது என்னிடம் இருந்தது ஒரு பொத்தான் ஃபோன். அதில் பதிவுசெய்து கொண்டுபோனால் மின்விசிறிச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஒருநாள் காலை குசினியில் நிற்கும்போது அந்தச் சத்தம் வந்தது, வழமையைவிட உரக்க. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். மகன் ஒருக்களித்து அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வேலியோரத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை தொண்டையிலும் ஒரு கை நெஞ்சிலுமாக, என் மகனின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் செருப்புக்கூடப் போடவில்லை.

“உங்களுக்குப் பழிச்சுக் காட்டுறதுக்கு என்ர பிள்ளைதானோ கிடைச்சுது?”

கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. “கத்தாதேங்கோ, தம்பி எழும்பிடும். நான் பழிக்கேல்லை. இந்தச் சத்தம் எங்கயிருந்து வருதெண்டு பாக்கிறன்.”

“என்ன?”

“நெஞ்சிலயிருந்து எண்டால் இப்பிடி வரும்.” ஒரு தொய்வு வருத்தக்காரரின் இழுப்பை இழுத்துக் காட்டினார். “மூக்கிலயிருந்து எண்டால் இப்பிடி.” அதையும் செய்தார். “ரெண்டும் தம்பியின்ர இல்லை. இஞ்சயிருந்து செய்தாத்தான் சரிவருது.” பெருவிரலைத் தொண்டைக் குழிக்கு மேலே வைத்தார். “அதோட, உள்ளுக்கு இழுக்கேக்க மட்டும்தான். வெளிய விடேக்க ஒண்டும் இல்லை. நீங்கள் கவனிச்சனீங்களோ?”

நான் கவனிக்கவில்லை. ஒன்றரை மாதமாக அந்த மூச்சைக் காதோடு வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். வேலிக்கு அப்பால் நின்ற இந்த மனுசி கண்டுபிடித்துவிட்டார். கோபம் போகவில்லை, அதற்குள் பொறாமையும் சேர்ந்துகொண்டது.

“அடுத்த கிளினிக் எப்ப?” என்றார். “நானும் வாறன்.”

அன்றும் மகன் கனவானாகத்தான் இருந்தான். டொக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்ததும் அக்கா முன்னால் வந்தார்.

“டொக்டர், இவர் உங்களுக்கு முன்னால நடிக்கிறார். வீட்டில எப்பிடியெண்டு நான் செய்து காட்டட்டோ?”

டொக்டருக்கு விளங்கியிருக்காது. அக்கா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. இழுத்தார். வெளியே வரிசையில் கேட்ட கதையெல்லாம் நின்றது. பக்கத்து அறையிலிருந்து ஒரு தாதி, எந்தப் பிள்ளைக்கு என்ன என்று ஓடி வந்தார். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

“மீண்டும் ஒரு முறை.”

அக்கா செய்தார்.

“படுத்திருக்கும்போது?”

“படுத்தாத்தான் வடிவாச் செய்ய ஏலும்,” என்றவர், யாரும் தடுக்கும் முன்னர் பிள்ளைகளைச் சோதிக்கும் அந்தச் சின்னக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். வாத்துப் படம் போட்ட விரிப்பு. முழங்காலுக்குக் கீழே கால் இரண்டும் அந்தரத்தில் நின்றன. மல்லாந்து கிடந்து இழுத்தார். ஒருக்களித்து இழுத்தார். குப்புறத் திரும்பிச் சத்தத்தைக் குறைத்துக் காட்டினார். டொக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

“பால் குடித்த பின்பு?”

“பால் இல்லாமல் அதைச் செய்யிறது கொஞ்சம் கஷ்டம், டொக்டர்,” என்றார் அக்கா, படுத்தபடியே.

டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு அக்காவை இறக்கி, அதே கட்டிலில் மகனைக் கிடத்தச் சொன்னார். எழுப்பிப் பால் கொடுத்து மறுபடி கிடத்த வைத்தார். மற்றப் பிள்ளைகளைப் பார்த்தபடி ஒரு கண்ணை இவனில் வைத்திருந்தார். பத்து நிமிடத்தில் கனவானின் வேஷம் கலைந்தது. சத்தம் வந்தது.

“இரண்டும் ஒரே சத்தம்,” என்றார் டொக்டர், அக்காவைப் பார்த்து.

திரும்பி வரும்போது அக்கா ஓட்டோவில் நிமிர்ந்து இருந்தார். “சத்தத்துக்குத் தமிழ் சிங்களம் இல்லை, பிள்ளை,” என்றார். வழி முழுக்க டொக்டரின் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கமரா விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையின் மேற்பகுதி மென்மையாக இருக்கிறது, மூச்சை இழுக்கும்போது மடிந்து விழுகிறது, வளர வளர இறுகிவிடும் என்றார்கள். ஒன்றரை, இரண்டு வருடம். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பால், கொடுத்தபின் அரை மணித்தியாலம் நிமிர்த்திப் பிடிப்பது, மாதாமாதம் நிறை பார்ப்பது. சளி, தடிமன் வந்தால் கவனம். நெஞ்சுக்குழி ஆழமாக உள்ளே போனால் உடனே கொண்டுவர வேண்டும்.

அக்காவுக்கு இந்த விளக்கங்கள் நீளமாகத் தெரிந்தன. அவர் மகனின் மூச்சுகளுக்குப் பெயர் வைத்தார். குறட்டைமாதிரி வருவது ‘அதிபர்’. எங்கள் ஒழுங்கை முனையில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பின் சாய்மனைக் கதிரையில் அவர் விடும் மூச்சு அச்சாக அதுதான். அதிபர் வந்தால் பயமில்லை. விசில்போல ஏறுவது ‘மீன் லொறி’. எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும், மேட்டில் ஏறும்போது பெல்ற் கத்தும் லொறி அது. லொறி வந்தால் பாலை நிறுத்தி நிமிர்த்த வேண்டும். கிளினிக் தாதிகூட நாளடைவில், “இண்டைக்கு ஆர், அதிபரோ லொறியோ?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இதில் வந்த வினை கொஞ்சமல்ல. ஒருநாள் ஒழுங்கை முனைக் கடையில் நின்றபடி கணவரோடு ஃபோனில் கதைத்தேன். “அதிபர் மத்தியானம் வந்தவர், இன்னும் போகேல்லை. மூண்டு மணித்தியாலமா இருக்கிறார். நான் தோளில போட்டுத் தடவிக்கொண்டுதான் இருந்தனான். இப்ப அக்காவிட்டக் குடுத்திட்டு வந்தனான்,” என்று சொல்லியிருக்கிறேன். கடையில் சீனி வாங்க நின்றவர்கள் சீனியை மறந்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆகவில்லை, அதிபரின் மனைவி வேலிப் படலையில் நின்றார். அவரும் ஓய்வுபெற்ற டீச்சர்தான். குடையை ஊன்றிக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

“பிள்ளை, உங்கட மனுசன் வெளிநாட்டில. நான் குறையாச் சொல்ல வரேல்லை. சனம் ஒரு கதை கதைக்குது...”

அப்போது பார்த்து உள்ளேயிருந்து அந்த மூச்சு வந்தது. நீளமாக, கனமாக, நடுவில் ஒரு தரிப்போடு.

டீச்சரின் முகம் மாறியது. முப்பத்தைந்து வருடம் பக்கத்தில் கிடந்து கேட்ட மூச்சு அல்லவா. “உள்ளுக்கு ஆர் படுத்திருக்கிறது?” என்றவர், குடையோடு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன்.

அறையில் அக்கா கதிரையில் இருந்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டு, ‘இந்த முறை நான் இல்லை’ என்பதுபோல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கட்டிலில் ஒரு முழ நீளத்தில் என் மகன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் அவனையே பார்த்தபடி நின்றார். பிறகு குடையை மடியில் வைத்துக் கட்டிலின் விளிம்பில் இருந்தார்.

“இது அவற்ர மூச்சுத்தான்,” என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து டீச்சரும் வந்து பிள்ளையை வைத்திருந்தார். நான் குளிக்கவும் சாப்பிடவும் நேரம் கிடைத்தது.

எட்டாவது மாதம் மகனுக்குத் தடிமன் பிடித்தது. இரண்டு நாள் ஓயாமல் லொறி. மருந்து எடுத்தோம், நிமிர்த்தியே வைத்திருந்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் சத்தம் நின்றுவிட்டது. தோளிலிருந்து இறக்கிக் கிடத்தினேன், அப்போதும் சத்தமில்லை. அந்த வீட்டில் நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

“வடிவா நித்திரை கொள்ளுறார்,” என்றார் டீச்சர்.

நான் அயர்ந்து எழும்பியபோதுதான் அக்கா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைச் செய்யத் தொடங்கினார். சின்னச் சின்ன மூச்சு, நாய் இரைப்பதைவிட வேகமாக, ஒவ்வொன்றுக்கும் தலை ஒருதரம் ஆடியது. சத்தமே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளை நித்திரை கொள்ளுவதையும் பழிக்க வேண்டுமா?

திடீரென்று அலுமாரியைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது.

“பிள்ளை, என்னால ஏலாது.”

“என்ன ஏலாது?”

“இந்த மூச்சை அரை நிமிஷத்துக்கு மேல விட ஏலாது. தலை சுத்துது. தம்பி எவ்வளவு நேரமா இப்பிடிச் செய்யிறார்?”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

“அவர் அமைதியா இல்லை,” என்றார் அக்கா. “களைச்சுப்போனார்.”

குனிந்து பார்த்தேன். நெஞ்சுக்குழியில் என் பெருவிரல் புதையும் அளவுக்குப் பள்ளம். உதடு சாம்பல் நிறம். தெரிந்த ஓட்டோக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. இன்னொருவர் தூரத்தில், நிலாவெளியில் நின்றார். அக்கா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். பள்ளிக்கூட வான் ஓட்டும் ஒருவன் இரண்டு தெரு தள்ளி இருந்தான், அதிபரின் பழைய மாணவன். அவனுடைய இலக்கத்தை டீச்சர் சொன்னார். அக்கா ஒரு மூச்சு எடுத்தார். அந்த மூச்சிலேயே அதிபர் வந்துவிட்டார்.

“நான் அதிபர் கதைக்கிறன். வானோட உடனே எங்கட ஒழுங்கைக்கு வா.”

பக்கத்தில் நின்ற டீச்சர் தன்னையறியாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

“ஓம் சேர், இந்தா வாறன் சேர்,” என்று ஃபோன் கத்தியது. நாலு நிமிடத்தில் வான் வந்தது. அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல். அந்த அவசரத்திலும் தலை வாரியிருந்தான். “சேர் எங்க?” என்று கேட்டான். “ஓட்டு,” என்றார் அக்கா, இன்னும் அதிபரின் குரலிலேயே. அவன் கேள்வி கேட்காமல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் மகனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒட்சிசன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கடினமாக இருந்திருக்கும், பிள்ளை களைத்துவிட்டது என்று ஒரு டொக்டர் வந்து சொன்னார். அக்கா சொன்ன அதே சொல். நான் வெளியே மரவாங்கில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“தண்ணி குடியுங்கோ,” என்றது ஒரு குரல்.

யார் என்று திரும்பினேன். தடித்த, ஓரம் உடைந்த குரல், முன்பு கேட்டதேயில்லை. அக்காதான் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டில் இருந்தும் அவருடைய சொந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். அதுவரை என்னோடு பேசியதெல்லாம் யாராவது ஒருவரின் குரலில்தான். இப்போது அவர் மட்டக்களப்பில் தன் சொந்தத் தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறார். ஃபோன் எடுத்தால் முதலில் யாராவது ஒரு மனேஜர்தான் பேசுவார். அந்தக் குரல் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் அதிபரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, கையில் தோடம்பழப் பை. மகனைப் பார்த்தார். ஒட்சிசன் குழாயைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். வான்காரன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்று முகத்தில் தெரிந்தது.

“என்ர குரலில என்ன சொன்னனீங்கள்?”

அக்கா முதல்முறையாகத் தடுமாறினார். “சேர், அவசரத்தில...”

“சொன்னதைச் சொல்லுங்கோ.”

அக்கா எழுந்து நின்று, அதிபருக்கு முன்னாலேயே அதிபராகிச் சொன்னார். வார்ட்டில் இருந்த தாய்மார் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அதிபர் கண்ணை மூடிக் கேட்டார்.

“பிழை,” என்றார். “நான் ‘உடனே’ எண்டு சொல்ல மாட்டன். ‘உடனடியாக’ எண்டுதான் சொல்லுவன். அடுத்த முறை திருத்திக்கொள்ளுங்கோ.”

தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்து நாளில் வீட்டுக்கு விட்டார்கள். அதன்பிறகும் இரண்டு தடவை வார்ட்டில் படுத்தோம், ஆனால் அப்படி ஒரு அமைதி திரும்ப வரவில்லை. இரண்டு வயதுக்குக் கிட்டச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஒருநாள் அவன் முற்றத்தில் மான்களைத் துரத்திக்கொண்டு திரிய, நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வேலியிலிருந்து மீன் லொறி கேட்டது. அக்கா சும்மா ஒரு விளையாட்டுக்குச் செய்திருக்கிறார். என் உடம்புக்கு அது விளங்கவில்லை. கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டு அறைக்கு ஓடி, வெறும் கட்டிலைப் பார்த்து நின்று, அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன். அக்கா வந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“இனிச் செய்ய மாட்டன், பிள்ளை.”

செய்யவில்லை. ஒழுங்கையில் தும்மல் முதல் துறைமுகச் சங்கு வரை எல்லாம் தொடர்ந்தன. அது மட்டும் இல்லை.

மகனுக்கு மூன்று வயது முடிந்தபோது கிளினிக் டொக்டர் ஆள் அனுப்பினார். தாதி மாணவிகளுக்கு அவர் வகுப்பு எடுக்கிறாராம், அந்த மூச்சுகளை அக்கா வந்து செய்து காட்ட வேண்டுமாம். அக்கா உடனே சம்மதிக்கவில்லை. என்னிடம் வந்தார். நான் ஒரு நாள் யோசித்துவிட்டு, நானும் வருகிறேன் என்றேன்.

கடைசி வாங்கில் மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முன்னால் முப்பது மாணவிகள். அக்கா நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். அதிபரைச் செய்தார், மாணவிகள் சிரித்தார்கள். லொறியைச் செய்தார், எழுதிக்கொண்டார்கள். “மூன்றாவது,” என்றார் டொக்டர், “அதுதான் முக்கியம்.” அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தச் சின்ன மூச்சுகளை விடத் தொடங்கினார். தலை ஆடியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அரை நிமிடம் போனது. அக்காவின் முகம் வெளுத்தது. மேசையைப் பிடித்தார். நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து காற்றை அள்ளினார். பேனை பிடித்த கைகள் எல்லாம் அசையாமல் நின்றன.

என் மகனுக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. மடியிலிருந்து வழுகி இறங்கி, கைதட்டிக்கொண்டு நடுவால் ஓடினான்.

“அன்ரி, இன்னொருக்கா! இன்னொருக்கா செய்யுங்கோ!”

அக்கா குனிந்து அவனுடைய முகத்துக்கு நேரே முகத்தை வைத்தார். இன்னும் இளைத்துக்கொண்டிருந்தார்.

“ஏலாது, ராசா,” என்றார். “அதை அவ்வளவு நேரம் செய்ய உங்களாலதான் ஏலும்.”